ஆளில்லாத நாற்காலி

மஸ்கட்
16.8.1987

தங்கப்பொண்ணுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. என் அறையில் இருக்கும் மருது எங்கிருந்தோ ஒரு வீடியோ கேசட் வாங்கிக்கொண்டு வந்தான். "நம்ம ஊரு டிவியில வந்ததாம்ண்ணே, தமுக்கம் மைதானம் தெரியுதாம், வாங்க" என்று கூப்பிட்டான். மதுரைப் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரே அறையில் அடைந்துகொண்டோம். சித்திரைப் பொருட்காட்சி மேடை. 'கண்ணை மூடு, பரிசைத் தேடு' என்று ஒரு போர்டு. கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர், புரொபசர் கைலாசநாதனாம், மூன்று பெண்களை வரிசையாக உட்கார வைத்து மெஸ்மரிசம் செய்து தூங்க வைக்கிறார். மூன்றாவது பெண் நீ.

முதலில் உன்னைப் போல யாரோ என்று நினைத்தேன். பிறகு அந்த அரக்குச் சேலையைப் பார்த்தேன். நான் வாங்கி அனுப்பியது. அந்த ஆள் குளிர்கிறது என்றார், நீ நடுங்கினாய். வெங்காயத்தைக் கொடுத்து ஆப்பிள் என்றார், நீ கடித்துத் தின்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கடைசியில் ஒரு காலி நாற்காலியைக் கொண்டுவந்து உன் முன்னால் போட்டு, "நீங்க ரொம்பப் பார்க்க ஆசைப்படுற ஆள் இதுல உக்காந்திருக்கார், யாரும்மா அது?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரரு" என்றாய். "பேர்?" என்றார். கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது. நம்ம ஊர்ப் பெண் புருஷன் பேரைச் சொல்லுவாளா என்றுதானே அந்தச் சத்தம்! நீ சொன்னாய். மைக்கில் சொன்னாய். "ஏய் கண்ணுச்சாமி, எந்திரிச்சு இங்கிட்டு வாய்யா" என்றாய்.

அதற்குப் பிறகு நீ பேசியதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

அறையில் ஒரே சிரிப்பு. மருதுதான் என் தோளைத் தொட்டு, "மயக்கத்துல சொன்னதுண்ணே, மனசுல வச்சுக்கிறாதீக" என்றான். ஆனால் மறுநாளே கட்டிடத்தில் நான் கம்பி கட்டிக்கொண்டிருக்கும்போது மேலே இருந்து ஒருவன் "ஏய் கண்ணுச்சாமி, எந்திரி!" என்கிறான். கீழே இருந்து இன்னொருவன் பதில் கொடுக்கிறான். கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ என்னை 'மாமா' என்று கூப்பிடுவதற்கே சுவரைப் பார்ப்பாய். அந்த மேடைக்குப் போனதாகக்கூட எனக்கு ஒரு வரி எழுதவில்லை. தூக்கத்தில்தானே சொன்னாய்? உடனே எழுது.

கண்ணுச்சாமி


செல்லூர், மதுரை
29.8.1987

அன்பு மாமாவுக்கு,

கடிதத்தைப் பிரிக்கும்போதே சூடு தெரிந்தது. இங்கே அத்தையும் நானும் நன்றாகவே இருக்கிறோம், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் அக்கா கூப்பிட்டதால் பொருட்காட்சிக்குப் போனேன். டெல்லி அப்பளம் சாப்பிடத்தான் போனோம். மேடைப் பக்கம் போனபோது பெண்கள் யாராவது மேலே வாருங்கள் என்று அந்த புரொபசர் கூப்பிட, அக்கா என் கையையும் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டது. அக்காதான் முதலில் உட்கார்ந்தது. அதற்குத் தூக்கமே வரவில்லை. பாதியில் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டது, இறக்கிவிட்டார்கள். அந்த இடத்துக்கு இன்னொரு பெண்ணை ஏற்றினார்கள். நான் தூங்கிவிட்டேன். எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது என் மடியில் ஒரு மிக்சி இருந்தது, எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்றால், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் இதை எங்கே பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். கேசட் கப்பல் ஏறும் என்று நான் கண்டேனா?

இங்கேயும் டிவியில் வந்த அன்றைக்குத் தெருவே கூடி நின்று பார்த்தது. மறுநாள் பரவையில் இருந்து உங்கள் பெரியப்பா பஸ் பிடித்து வந்துவிட்டார். "கட்டுனவன் பேர ஊரு உலகத்துக்குக் கேக்க ஏலம் போட்டாளாமே" என்று வாசலிலேயே நின்று கத்தினார். அத்தை விடவில்லை. "எம் மருமக மயக்கத்துல பேசுனா. பல்லுப் புடுங்க மயக்க ஊசி போடுறாக, அதுல ஒருத்தி உளறுனா அவளப் புடிச்சுச் செயில்ல போடுவீகளா மச்சான்?" என்று கேட்டது. அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மிக்சியை அத்தை ஒரு துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறது. இங்கே கரண்டு வருகிற லட்சணத்துக்கு அம்மியே மேல். நான் தறிப் பட்டறைக்கு நூல் சுற்றப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். அப்புறம் நூல் அறுந்தால் சிரிக்க யாருக்கு நேரம்?

தூக்கத்தில் சொன்னதற்கு என்மேல் கோபம் வேண்டாம்.

தங்கப்பொண்ணு


மஸ்கட்
12.9.1987

அன்புள்ள தங்கப்பொண்ணுக்கு,

உன் கடிதம் வந்ததும் மூச்சு வந்தது. அதை மருதுவிடம் படிக்கக் கொடுத்தேன். அவன் அறை முழுக்கச் சொல்லிவிட்டான். இப்போது யாரும் என்னைக் கேலி செய்வதில்லை. "அந்தப் புள்ளைக்குத் தெரியாது பாவம்" என்று உன்மேல் பரிதாபப்படுகிறார்கள். ஒருவன் அந்த புரொபசர்மேல் கேஸ் போடலாம் என்றான். நானும் தலையாட்டிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

ஒரு நாள்தான் தூங்கினேன்.

அதற்குப் பிறகு என்னமோ இருப்புக்கொள்ளவில்லை. போன வெள்ளி எல்லாரும் கடைவீதிக்குப் போயிருந்தபோது நான் மட்டும் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். பேரைச் சொன்ன இடத்தை ஓட்டிவிட்டு அதற்கு அடுத்ததை மட்டும் பார்த்தேன். அன்றைக்கு எழுத மாட்டேன் என்றேன், இப்போது எழுதுகிறேன்.

"தாலிக் கயித்து மஞ்ச காயுறதுக்குள்ள பெட்டியத் தூக்கிட்டுப் போன ஆளுதானய்யா நீ. எனக்குச் சென்ட் பாட்டில் வேணாம், ரேடியோ வேணாம். கொழம்ப ஊத்துனா உப்பு இருக்கா இல்லையான்னு சொல்ல எதுக்க ஒரு ஆளு உக்காரணும். அம்புட்டுத்தான் கேக்குறேன். இன்னொரு கையெழுத்துப் போட்டுட்டு வந்தியின்னா அங்கிட்டே இருந்துக்க."

இதைச் சொல்லும்போது உன் குரல் உடைகிறது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைக்கிறாய். என்னிடம் நீ இப்படிப் பேசியதே இல்லை. உன் கடிதங்களில் எல்லாம் அத்தைக்கு முழங்கால் வலி, தண்ணீர் வரவில்லை, வாடகை கொடுத்தாகிவிட்டது என்றுதான் இருக்கும். 'வாருங்கள்' என்று ஒரு வார்த்தை இருக்காது. உனக்கு நான் இல்லாதது ஒரு பொருட்டே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இங்கே மூன்று வருஷம் ஓட்ட முடிந்தது.

நீ தூங்கியிருந்தால் அந்தப் பேச்சு யாருடையது? அந்தக் கோட்டுக்காரன் உன் வாயில் வைத்ததா? உனக்கு ஒன்றுமே நினைவில்லையா? ஒரு வார்த்தைகூடவா நினைவில்லை?

கண்ணுச்சாமி


செல்லூர்
25.9.1987

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சிரிப்பு சீக்கிரம் போய்விட்டது.

போன மாதம் நான் தூங்கியிருக்க வேண்டும் என்றீர்கள். தூங்கினேன் என்றேன். இந்த மாதம் நான் முழித்திருக்க வேண்டும் என்கிறீர்கள். பாதித் தலை தூங்கி மீதித் தலை முழித்திருக்க நான் என்ன செய்வேன்? தூங்கினேன் என்றால் பேரும் என்னுடையது இல்லை, அந்த உப்புப் பேச்சும் என்னுடையது இல்லை. முழித்திருந்தேன் என்றால் இரண்டும் என்னுடையது. பேரை மட்டும் அந்த ஆள் தலையில் கட்டிவிட்டு மற்றதை மட்டும் உங்களுக்கு எடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். இது கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி இல்லையா?

இன்னொன்றையும் கேட்கிறேன். 'இன்னொரு கையெழுத்து' என்று நான் சொன்னதை வரிக்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்று இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுதவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. கேட்க பயம், இல்லையா?

சித்திரைக்கு முன்னால் அத்தைக்கு என்று ஒரு டேப் கேசட்டில் பேசி அனுப்பினீர்களே. "யம்மா, இன்னும் ரெண்டு வருசத்துக்குப் போடலாம்னு இருக்கேன், தங்கப்பொண்ணுட்ட இப்பச் சொல்லாத, மொகத்தத் தூக்கி வச்சுக்கிருவா" என்றீர்கள். அத்தைக்கு அந்த டேப்ரிக்கார்டரில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாது என்பதை யோசிக்கவே இல்லையா? நான்தான் அமுக்கினேன். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரே அறை வீட்டில் வேறு எங்கே போவேன்? அத்தை பாவம், கேசட் முடிகிறவரை என்னைப் பார்க்கவே இல்லை. முடிந்ததும் நான் அதைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை ஓடவிட்டேன், அத்தைக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு வழக்கம்போல முழங்கால் வலியும் தண்ணீரும் எழுதினேன்.

அத்தையை வெயிலில் சிம்மக்கல்லில் பழம் விற்க வேண்டாம் என்று நீங்கள் முன்பு ஒரு கடிதத்தில் எழுதியதை மறுபடி படித்துச் சொன்னேன். "அவன் வந்து சொல்லட்டும்" என்றது.

தங்கப்பொண்ணு


மஸ்கட்
5.10.1987

தங்கப்பொண்ணு,

டேப் விஷயத்தில் நான் முட்டாள். மருது அதைக் கேட்டுக் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இரண்டு தடவை ஓடவிட்டாய் என்று எழுதியிருக்கிறாயே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். கையெழுத்து இன்னும் போடவில்லை. கம்பெனி கொடுத்த காண்ட்ராக்ட் தாள் என் பெட்டியில் இருக்கிறது. இந்த மாதம் முடிவதற்குள் மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான், மறுபடி கூப்பிட மாட்டார்கள். நான் என் சந்தோஷத்துக்காகவா இங்கே வேகிறேன்? இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் சொந்தமாக இரண்டு தறி போடலாம். அம்மா கூடையைத் தூக்க வேண்டாம். நீ அடுத்தவன் பட்டறையில் நூல் சுற்ற வேண்டாம். இப்போது வந்தால் நான் பழைய முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போனவன் வெறுங்கையோடு வந்தான் என்று செல்லூரே பேசும்.

படுத்தால் தூக்கமில்லை. எழுந்தால் வேலையில் கவனமில்லை. நேற்றுக் கம்பி கட்டும்போது விரலைக் கிழித்துக்கொண்டேன். போடலாமா வேண்டாமா, போடலாமா வேண்டாமா என்று மண்டைக்குள் ஒரே சத்தம்.

அதனால் உன்னிடமே விட்டுவிடுகிறேன். நீ முழித்திருந்துதான் அதையெல்லாம் சொன்னாய் என்றால் ஒரு வரி எழுது, நான் வந்துவிடுகிறேன், பேரைச் சொன்னதையும் மறந்துவிடுகிறேன். தூக்கத்தில் பேசியது என்றால் அதையும் எழுது, தாளைக் கொடுத்துவிடுகிறேன். நீ எதைச் சொன்னாலும் சரி.

கண்ணுச்சாமி


செல்லூர்
19.10.1987

மாமாவுக்கு,

'நீ எதைச் சொன்னாலும் சரி' என்று எழுதும்போது உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. நாளைக்குத் தறி போட முடியவில்லை என்றால், உன் பேச்சைக் கேட்டு வந்தேனே என்று யாரைச் சொல்வீர்கள்? நீங்கள் வராமலே போனால் நானேதானே உங்களை அங்கே இருக்கச் சொன்னவள் ஆவேன்? உங்கள் கையெழுத்தை என் கையால் போடச் சொல்கிறீர்கள். நான் போட மாட்டேன்.

ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதை உங்களிடம் சொல்வதற்கு முன்னாலேயே பரவையில் சொல்லிவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் சாமிக்குப் பொங்கல் வைக்கச் சொந்தமெல்லாம் கூடியது. பொங்கல் பொங்கி முடித்து எல்லாரும் உட்கார்ந்த பிறகு உங்கள் பெரியப்பா மொக்கையன் மாமா என்னைக் கூப்பிட்டார். "டிவில பேசுனது எனக்குத் தெரியாமப் பேசுனதுன்னு சாமி முன்னால மூணு தடவ சொல்லிக் கும்புட்டு விழுந்துரு. அதோட பேச்சு முடிஞ்சு போச்சு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லாரும் சொல்லு சொல்லு என்றார்கள். விழுந்து எழுந்தால் முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும். என் காலும் மடங்கத்தான் பார்த்தது. வாய்தான் வரவில்லை. சாமி முன்னால் எப்படிப் பொய் சொல்வது?

"நான் தூங்கல மாமா. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன்.

ஆமாம் மாமா, நான் ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தபோதும் கீழே கடலைக்காரன் கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது. ரெங்கம்மாள் அக்காவை இறக்கிவிட்டது போல என்னையும் இறக்கிவிட்டால் மானம் போகுமே என்றுதான் நடுங்கினேன். வெங்காயம் வெங்காயமாகத்தான் காரமாக இருந்தது. நாற்காலியைப் போட்டபோது கண்ணைத் திறந்து பார்த்தேன். அதில் யாரும் இல்லை. யாரும் இல்லை என்பது தெரிந்ததால்தான் பேச முடிந்தது. நீங்கள் நிஜமாக உட்கார்ந்திருந்தால் நான் காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பேன். பேரைச் சொன்னதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்கப்புறம் மற்றதெல்லாம் தானாக வந்தது. அந்தப் பேர் இல்லாமல் அந்தப் பேச்சு வந்திருக்காது. நீங்கள் ஒன்றை மறந்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மொக்கையன் மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "முழிச்சுக்கிட்டே சொன்னியா? குடும்பத்துக்கு ஆகுமாடி இது? புருசன் ஆயுசு கொறையும்" என்றார். அப்போதுதான் அத்தை எழுந்தது. பானையை இறக்கத்தான் எழுந்தது என்று நினைத்தேன்.

"எம் புருசன் பேரு முத்திருளன்" என்றது.

அத்தை மறுபடியும் சொன்னது. "முத்திருளன். நான் ஒரு நாளும் சொன்னதில்ல. அவருக்கு ஆயுசு கூடுச்சா? பாம்பு கடிச்சு வண்டியில போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனேன். சீட்டுல எழுத பேரு கேட்டாக. கழுத்தப் புடிச்சாப்புல நின்னேன். இருட்டக் காமிச்சேன், முத்தக் காமிச்சேன், அவுகளுக்கு வெளங்கல. நீங்க சைக்கிள்ல பின்னால வந்து பேரு சொன்னீக மச்சான். அதுக்குள்ள அவருக்கு வாயில நொரை தள்ளிருச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரா, எனக்குத் தெரியாது. ஆனா நான் சொல்லல."

அதற்குப் பிறகு யாரும் என்னை விழச் சொல்லவில்லை. மொக்கையன் மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார். பஸ்ஸில் வரும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது. இது உங்களுக்குத் தெரியுமா என்று அத்தையிடம் கேட்டேன். நீங்கள் அப்போது தொட்டில் பிள்ளை என்றது.

நான் சொல்ல வேண்டியதை ஊர் பார்க்க ஒரு தடவை, சாமி பார்க்க ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. தாள் உங்கள் பெட்டியில் இருக்கிறது, பேனாவும் உங்களிடம்தான் இருக்கிறது. வாருங்கள் என்றும் எழுத மாட்டேன், வராதீர்கள் என்றும் எழுத மாட்டேன்.

தங்கப்பொண்ணு


மஸ்கட்
2.11.1987

அன்புள்ள தங்கப்பொண்ணுக்கு,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. அதற்கு நான்கைந்து நாள் முன்பே தாளைக் கையெழுத்துப் போடாமலே மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ தூங்கினாயா முழித்திருந்தாயா என்று எனக்கு அப்போது தெரியாது.

உன்னிடமே விடுகிறேன் என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்றைக்கே எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. நீ என்ன எழுதுவாயோ என்று காத்திருந்தேன் பார், அது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியோடு இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அவள் தூங்கினாளா என்று சாட்சி கேட்டுக்கொண்டிருப்பானா? நீ தூக்கத்தில்தான் பேசினாய் என்றே வைத்துக்கொண்டேன். அப்போதும் எனக்கு வரத்தான் தோன்றியது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்பா பாம்பு கடித்து இறந்தார் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இவ்வளவு காலமும் இதை உள்ளே வைத்துக்கொண்டு கூடை தூக்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோது மருது சாப்பிடக் கூப்பிட்டான். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பயந்துபோய் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள், ஊரில் யாருக்கு என்ன என்று கேட்டார்கள். "யாருக்கும் ஒண்ணுமில்ல. எம் பொண்டாட்டி மயக்கத்துல பேசல. முழிச்சுக்கிட்டுத்தான் பேசுனா. எங்கிட்டத்தான் பேசுனா. இனிமே எவனும் பாவம் பாக்க வேணாம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மருது போய்த் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

டிக்கெட் பம்பாய் வரைக்கும் கொடுக்கிறார்கள், அங்கிருந்து ரயில். வருகிற தேதியைத் தந்தி அடிக்கிறேன். வந்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. பயத்தோடுதான் வாரேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ நாற்காலியைப் பார்த்துப் பேசியபோது அது பதில் சொல்லவில்லை. நான் சொல்வேன். நீ ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன், நீ அடுப்படிக்குப் போனால் நானும் பின்னாலேயே வந்து சொல்வேன். சண்டை வரும். வரட்டும். அதற்குப் பதில் வர இரண்டு பேரும் பன்னிரண்டு நாள் தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கண்ணுச்சாமி